மூன்று சேஸி, ஒரு கம்ப்யூட்டர்: எது வரவில்லை, ஏன் வரவில்லை

சுங்கை சிப்புட்டில் எங்கள் கடைக்குக் கல்யாண வீடியோவும் தோட்டத்துக் கோயில் திருவிழா வீடியோவும்தான் முக்கால்வாசி வேலை. எட்டு கேமரா வரை ஒரே நேரத்தில் பதிவு செய்வோம். அதற்கு வேண்டிய கேப்சர் கார்டு (கேமரா வீடியோவை உள்ளே வாங்குவது), கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர் எல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்குள் அடங்காது, அதனால் மூன்று எக்ஸ்பான்ஷன் சேஸி, அதாவது கார்டுகளைச் செருகும் தனிப் பெட்டி, வைத்திருக்கிறோம்: ஒன்றில் கேப்சர் கார்டுகள், ஒன்றில் கிராபிக்ஸ், ஒன்றில் டிஸ்க். கம்ப்யூட்டரில் ஒரு ஹோஸ்ட் கார்டு, அதிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுகள் கம்ப்யூட்டரோடு பேசும் பாதை) கேபிள் போய் முதல் பெட்டியில் ஏறும், அங்கிருந்து அடுத்தது, அங்கிருந்து அடுத்தது. ஒரு பெட்டி என்றால் பெரும்பாலும் செருகினால் ஓடிவிடும். இரண்டு மூன்று ஆகும்போதுதான் ஆளை அழ வைக்கும். நான்கு வருடமாக இதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை, கண்ணுக்குத் தெரியும் கோளாறு எதுவோ அதைத் தலைப்பாக வைத்து எழுதுகிறேன், உங்களுக்கு நேர்ந்ததைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், கீழே வருவதில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பெரட்டு. விடிவதற்கு முன் மண்டோர் ஆள் கணக்கு எடுக்கும்போது களத்தில் நிற்கிறவருக்குத்தான் செக்ரோலில் பெயர், பிறகு ஓடி வந்து நின்றால் அன்றைக்குப் பெயர் இல்லை. கம்ப்யூட்டரும் பவர் பட்டனை அழுத்தியதும் ஒரு பெரட்டு எடுக்கிறது. பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டு மென்பொருள், ஒவ்வொரு பாலமாக (ஒரு பாதை அடுத்த பாதைக்குப் பிரியும் சந்தி) தாண்டிப் போய், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பஸ் எண்ணும், ஒவ்வொரு கார்டுக்கும் முகவரி இடமும் கொடுக்கிறது. கேபிள் வழிச் சேஸிகளில் பெரும்பாலும் இது பூட் ஆகும்போது ஒரே தடவைதான் நடக்கும். அந்த நேரத்தில் உங்கள் சேஸி விழித்திருக்க வேண்டும், கேபிள் பேச வேண்டும், கொடுப்பதற்குக் கம்ப்யூட்டரிடம் எண்ணும் இடமும் மிச்சம் இருக்க வேண்டும்.

ஒரு பெட்டியும் வரவில்லை

சேஸியில் விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, டிவைஸ் மேனேஜரில் ஒன்றும் இல்லை. கார்டைக் கழற்ற வேண்டாம், டிரைவரைத் தொட வேண்டாம். எந்த வரிசையில் ஆன் செய்தீர்கள் என்று பாருங்கள். சேஸிகள் எல்லாம் முதலில், கம்ப்யூட்டர் கடைசியில். நிறுத்தும்போது தலைகீழ்: கம்ப்யூட்டர் முழுதாக அணைந்த பிறகுதான் சேஸி. மாற்றி ஆன் செய்துவிட்டால் சேஸிகளை ஆன் நிலையிலேயே விட்டுவிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அவ்வளவுதான்.

ரீஸ்டார்ட் என்றுதான் சொன்னேன், ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது விண்டோஸில் அதே காரியம் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருந்தால் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது, மறுநாள் அதே பழைய நினைவோடு எழுந்திருக்கிறது. நேற்று இல்லாத சேஸியை இன்றைக்கு அது ஒழுங்காகக் கண்டுகொள்ளும் என்று நம்ப முடியாது. பவர் ஆப்ஷன்ஸில் போய் அந்த வசதியை எடுத்துவிடுங்கள். ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

சில சேஸிகளில் பின்பக்கம் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஆட்டோவில் இருந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆனதை கேபிள் வழியாகத் தெரிந்துகொண்டுதான் சேஸி எழும். ஒரு பெட்டிக்கு அது வசதி. மூன்று பெட்டி வரிசையாக நின்றால் ஒன்று எழுந்து அடுத்ததை எழுப்பி அது மூன்றாவதை எழுப்புவதற்குள் பெரட்டு முடிந்துவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கணக்கு மில்லி செகண்டுகளில் ஓடுகிறது: ரீசெட் முடிந்து 100 மில்லி செகண்ட் காத்திருந்தால் போதும், கார்டு பதில் சொல்லத் தயாராக இருக்கும் என்ற எண்ணத்தில்தான் எல்லாம் கட்டப்பட்டிருக்கிறது. சேஸியின் பவர் சப்ளை நிலைப்படவே அதைவிடக் கூட ஆகும். மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

இதிலேயே நம் ஊருக்கென்று ஒரு கிளை இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மழை, கரண்ட் போய்த் திரும்ப வருகிறது. கம்ப்யூட்டரின் பயாஸில் கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகு என்ற அமைப்பு இருந்தால் எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் எழுகின்றன, கம்ப்யூட்டர் முந்திக்கொள்கிறது. கடைப் பையன் போன் போட்டு "அண்ணே, மழைக்கு அப்புறம் எந்தப் பெட்டியும் வரல" என்றால் முக்கால்வாசி இதுதான். அந்த அமைப்பை ஆஃப் செய்து வையுங்கள், மனிதர் கை வைத்துத்தான் கம்ப்யூட்டர் எழ வேண்டும்.

முதல் பெட்டி வருகிறது, அடுத்தது வரவில்லை

இங்கே இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வரும். பிரிப்பதற்கு ஒரே வழி, ஒவ்வொரு சேஸியையும் தனித்தனியாக, நேரே ஹோஸ்ட் கார்டில், அதே கேபிளால் போட்டுப் பார்ப்பது. மூன்று தடவை பூட் செய்ய வேண்டும், கால் மணி நேரம் போகும், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு நான் இரண்டு இரவுகளை வீணாக்கியிருக்கிறேன்.

தனியாகவும் ஒன்று வரவில்லை என்றால் அந்தப் பெட்டி, அதன் கேபிள், அல்லது அதில் இருக்கும் ஏதோ ஒரு கார்டு. எல்லாக் கார்டையும் எடுத்துவிட்டு வெறும் சேஸியைப் பாருங்கள். கார்டு இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் சுவிட்ச் சிப் பிசிஐ பாலமாகத் தெரிய வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் இணைப்பு வாரியாகக் காட்டு என்று மாற்றினால் மரம் போல விரியும், லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை மர வடிவில் காட்டச் சொல்லி ஓட்டினால் அதே படம். பாலமே தெரியவில்லை என்றால் கேபிள் பக்கம் திரும்புங்கள்.

கேபிளில் மூன்று விஷயம். ஒன்று, போர்ட்டின் திசை: சேஸியில் மேலே போகிற போர்ட் ஒன்று, கீழே போகிற போர்ட் ஒன்று இருக்கும், இரண்டும் ஒரே வடிவம், மாற்றிச் செருகினால் எதுவும் கெடாது, எதுவும் வேலையும் செய்யாது. இரண்டாவது, எஸ்எஃப்எஃப்-8644 என்ற இணைப்பான் டிஸ்க் பெட்டிகளுக்கான சாஸ் கேபிளிலும் இருக்கிறது, பிசிஐ எக்ஸ்பிரஸ் கேபிளிலும் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், உள்ளே பக்கக் கம்பிகள் வேறு. ஈப்போவில் பழைய சர்வர் சாமான் விற்கும் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒன்றை வாங்கி வந்து இரண்டு நாள் சேஸியைக் குற்றம் சொன்னேன், சேஸியோடு வந்த கேபிளைப் போட்டதும் உடனே வந்தது. மூன்றாவது, செருகும்போது டக் என்று பூட்டு விழ வேண்டும். ரேக்கைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மண் சாலையில் வேனில் போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் இறக்கியதும் இதைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்காதீர்கள். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும், பதிவில் இருந்த கோப்பும் போய்விடும்.

சரி, தனித்தனியாகப் போட்டால் மூன்றும் நன்றாக வருகின்றன, சேர்த்தால்தான் வரவில்லை. அப்படியானால் பெட்டியில் குறை இல்லை, கேபிளிலும் இல்லை. கம்ப்யூட்டரிடம் கொடுக்க இடம் இல்லை. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

லோகோவிலேயே நிற்கிறது, அல்லது கோட் 12 வருகிறது

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் நல்ல சேஸியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் மூன்று பொருளைப் பங்கு போடுகிறது, மூன்றுக்கும் எல்லை உண்டு.

முதலாவது பஸ் எண். லயத்து வீட்டு நம்பர் மாதிரி, மொத்தம் 256. 8 இடமுள்ள சேஸியில் ஒரே சுவிட்ச் சிப் இருந்தால் உள்ளே ஒரு பஸ், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பஸ், ஆக 9. இடம் காலியாக இருந்தாலும் எண் போகும். ஹோஸ்ட் கார்டிலேயே ஒரு சுவிட்ச் இருக்கலாம், சில கேப்சர் கார்டிலும் தனியாக ஒரு பாலம் இருக்கும். எல்லாம் கூட்டினாலும் 40 தாண்டாதே, 256க்கு எங்கே என்று தோன்றும். ஆனால் சில பயாஸ்கள் 256ஐயும் திறந்து வைப்பதில்லை. ஒரு பஸ்ஸின் அமைப்புத் தகவலுக்கு 1 மெகாபைட் முகவரி இடம் வேண்டும், 256க்கு 256 மெகாபைட், அதுவும் 4 ஜிகாபைட்டுக்குக் கீழே. அதை மிச்சம் பிடிக்கச் சில பழைய போர்டுகள் 64 பஸ்ஸோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த 64லும், வெளிப் பெட்டிகளைச் செருகும் தண்டர்போல்ட் போர்ட் இருந்தால் பின்னால் யாராவது வருவார்கள் என்று பயாஸ் ஒரு பெரிய தொகையை ஒதுக்கி வைத்துவிடும். தண்டர்போல்ட்டைப் பயன்படுத்தவில்லை என்றால் பயாஸில் அதை அணைத்துவிடுங்கள், ஒரே அடியில் நிறைய எண் விடுபடும்.

இரண்டாவது, நினைவக முகவரி இடம். கார்டுகள் தம் பதிவேடுகளையும் நினைவகத்தையும் கம்ப்யூட்டருக்குக் காட்ட முகவரியில் ஒரு ஜன்னல் கேட்கும். கிராபிக்ஸ் கார்டு சாதாரணமாக 256 மெகாபைட் கேட்கும், சில கார்டுகள் ஜிகாபைட் கணக்கில் கேட்கும். 4 ஜிகாபைட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தில் ராமும் பங்கு கேட்பதால் கார்டுகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பயாஸில் அபவ் 4ஜி டிகோடிங் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். அதற்குப் பழைய பயாஸ் முறையான சிஎஸ்எம் அணைந்திருக்க வேண்டும், விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அப்படி நிறுவாமல் சிஎஸ்எம்மை அணைத்தால் விண்டோஸே எழாது, பயந்துவிடாதீர்கள், திரும்ப ஆன் செய்தால் வந்துவிடும்.

அதை ஆன் செய்த பிறகும் கேப்சர் கார்டுக்குக் கோட் 12 வந்தால், அதாவது தேவையான வளம் கிடைக்கவில்லை என்று விண்டோஸ் சொன்னால், ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாலத்துக்குப் பின்னால் இருக்கும் கார்டு கேட்கும் இடம் ப்ரீஃபெட்ச், அதாவது முன்கூட்டியே படித்து வைத்தல், செய்யக் கூடாத வகையாக இருந்தால், அதை 4 ஜிகாபைட்டுக்கு மேலே அனுப்ப பாலத்தால் முடியாது, அந்த ஜன்னல் 32 பிட் அளவுதான். அந்தக் கார்டு எப்போதும் கீழேதான் குடியிருக்க வேண்டும். ஆகவே பெரிய கார்டுகளை மேலே ஏற்றிக் கீழே இடம் விடுவதுதான் இந்த அமைப்பின் பயன். அதற்கும் பற்றவில்லை என்றால் கீழே இருக்கும் வேண்டாத ஆட்களை வெளியேற்றுங்கள்: போர்டிலேயே இருக்கும் ஆடியோ, இரண்டாவது நெட்வொர்க், சீரியல் போர்ட், பயன்படுத்தாத சாட்டா கன்ட்ரோலர். எங்கள் கடையில் ஆடியோவையும் இரண்டாவது நெட்வொர்க்கையும் அணைத்ததும் மூன்றாவது பெட்டி வந்தது. அன்றைக்கு இருந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது, மறுநாள் காலையில் மாரியம்மன் கோயில் தீமிதி பதிவு.

மூன்றாவது ஐஓ இடம், பழைய கார்டுகள் பேசும் தனி முகவரி இடம். மொத்தமே 64 கிலோபைட், ஒரு பாலம் குறைந்தது 4 கிலோபைட் துண்டாகத்தான் எடுக்கும், ஆக 16 துண்டு. புதிய கார்டுகள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. பழைய கார்டு கலந்திருந்தால் இது இடிக்கும், அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போட்டுவிட்டு புதிய கார்டைச் சேஸிக்கு மாற்றுங்கள்.

லினக்ஸ்காரர்கள் கெர்னல் பதிவில் இடம் இல்லை என்ற வரிகளைத் தேடுங்கள். பூட் வரியில் பிசிஐ ரீஅலாக் அமைப்பைச் சேர்த்தால் பயாஸ் பங்கிட்டதைக் கெர்னல் தானே மறுபடி பங்கிட முயலும், பல நேரம் அதுவே போதும். லோகோவிலேயே நின்றுபோகிற கம்ப்யூட்டருக்கு இது உதவாது, ஏனென்றால் கெர்னல் வரைக்கும் அது வருவதே இல்லை. அங்கே, கிராபிக்ஸ் கார்டு பெரிய ஜன்னல் கேட்க விடும் ரீசைசபிள் பார் அமைப்பை அணைத்துப் பாருங்கள், பயாஸின் புதிய பதிப்பைப் போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் போர்டை மாற்ற வேண்டியதுதான். சேஸி வாங்குவதற்கு முன்பே அதன் தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த போர்டுகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

எல்லாம் வருகிறது, மூன்றாவது கேமராவிலிருந்து ஃப்ரேம் விழுகிறது

கணக்கு போடுங்கள், கணக்கே குற்றவாளியைக் காட்டும். 1080பி, நொடிக்கு 50 ஃப்ரேம், சுருக்காத 8 பிட் 4:2:2 வீடியோ என்றால் ஒரு கேமராவுக்கு நொடிக்குச் சுமார் 207 மெகாபைட். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2ஆம் தலைமுறையில் ஒரு லேனுக்கு (கேபிளுக்குள் ஒரு தனித் தடம்) 500 மெகாபைட், 4 லேனுக்கு 2 ஜிகாபைட், அதிலும் பாக்கெட் செலவு போகக் கொஞ்சம் குறைவு. எட்டு கேமராவுக்கு 1.66 ஜிகாபைட், ஒட்டி உரசிக்கொண்டு போகும். இப்போது இரண்டு கேமரா ஓடுகிறது, மூன்றாவது ஆன் செய்ததும் விழுகிறது என்றால்? இரண்டுக்கு 414, மூன்றுக்கு 622. நடுவில் 500 இருக்கிறது. 4 லேன் கேபிள் 1 லேனாகச் சுருங்கிவிட்டது. ஏதோ ஒரு பின் தொடவில்லை, அல்லது கார்டின் தங்க விளிம்பில் அழுக்கு. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது வேகமாகப் படியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, காய விட்டு, திரும்பப் போடுங்கள்.

எத்தனை லேனில் இணைந்திருக்கிறது என்பதை லினக்ஸில் எல்எஸ்பிசிஐ விவரமாகக் காட்டும்: தன்னால் முடிந்தது ஒரு வரியில், இப்போது கிடைத்திருப்பது இன்னொரு வரியில். கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள், வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

லேன் எல்லாம் சரியாக இருந்தும் விழுகிறதா, சங்கிலியைப் பாருங்கள். மூன்று பெட்டியும் வரிசையாக இருந்தால் கடைசிப் பெட்டியின் தரவு முதல் இரண்டின் வழியாகத்தான் வந்தாக வேண்டும், எல்லாருக்கும் ஒரே குழாய். கேப்சர் பெட்டியைக் கம்ப்யூட்டருக்கு அருகில் வையுங்கள் என்று சிலர் சொல்வார்கள், அதனால் குழாய் பெரிதாகாது. ஹோஸ்ட் கார்டு இன்னொன்று வாங்கி டிஸ்க் பெட்டிக்குத் தனிக் கேபிள் கொடுப்பதுதான் மருந்து. அந்த ஹோஸ்ட் கார்டு பிராசஸரோடு நேரே இணைந்த ஸ்லாட்டில் இருக்க வேண்டும். சிப்செட் வழியாகப் போகும் ஸ்லாட், பார்க்க நீளமாக 16 லேன் போல இருந்தாலும், உள்ளே பெரும்பாலும் 4 லேன்தான், அதையும் யுஎஸ்பி, நெட்வொர்க், சாட்டாவோடு பகிர்ந்துகொள்ளும்.

ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு காணாமல் போகிறது

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால், ஏர்கான் காற்று எட்டாத மூலையில், ரேக்கைச் சுற்றித் துணி கட்டி வைத்திருப்பார்கள், பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம். முதலில் துணியை எடுங்கள். சேஸியின் விசிறியை எல்லாரும் கவனிக்கிறார்கள், ஆனால் ஹோஸ்ட் கார்டின் சிப்புக்கு விசிறி இருக்காது, அதுதான் முதலில் கொதிக்கும். ஒரு சின்ன விசிறியை அதை நோக்கித் திருப்பி வைத்துச் சோதியுங்கள்.

சூடு இல்லை என்றால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யுஎச்இஏ லாகர் 17 என்ற பதிவு குவிகிறதா என்று பாருங்கள். கேபிளில் பிழை வந்து திருத்தப்பட்டது என்பதற்கு அது அடையாளம். ஒன்றிரண்டு பரவாயில்லை, நிமிடத்துக்கு நூறு என்றால் கேபிள் சாகப் போகிறது. பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை 3ஆம் தலைமுறையிலிருந்து 2க்கு இறக்குங்கள், பிழை நின்றால் கேபிள்தான் என்று உறுதி. அப்படியே ஏஎஸ்பிஎம் என்ற மின் சிக்கன வசதியையும் அணைத்துவிடுங்கள், வேலை இல்லாத நேரத்தில் இணைப்பைத் தூங்க வைத்து எழுப்புவது நீளக் கேபிளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

பல்லி சேஸிக்குள் போய் விசிறியில் மாட்டியதும் நடந்திருக்கிறது. காலி ஸ்லாட் மூடிகளைத் தொலைக்காமல் போட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும் ஆன் செய்தால் ட்ரிப் ஆகிறது

ஒவ்வொரு பவர் சப்ளையும் வடிகட்டி வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு விடும், கோளாறு இல்லாத போதும் விடும். மூன்று சேஸி, கம்ப்யூட்டர், நான்கு மானிட்டர் எல்லாம் கூடினால் அது கணிசம். கசிவைக் கண்டால் கரண்டை வெட்டும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம், 30 வரை தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை. பாதிப் பெட்டியை வேறொரு ஆர்சிசிபிக்குக் கீழே இருக்கும் பிளக்குக்கு மாற்றுங்கள், ஆனால் கேபிளால் இணைந்த பெட்டிகளின் எர்த் ஒன்றாகவே இருக்க வேண்டும், அதை வயரிங்காரரைக் கூப்பிட்டு அளந்துகொள்ளுங்கள். எர்த் முள்ளை வெட்டிவிட்டால் ட்ரிப் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கசிவு அப்புறம் பிசிஐ கேபிளின் உறை வழியாகத்தான் போகும், பெட்டியின் தகரத்தைத் தொடுகிறவர் கை வழியாகவும் போகும்.

தண்டர்போல்ட் சேஸி, லேப்டாப்பில்

பெரட்டு விதி இங்கே தளர்ந்தது, ஓடும்போதே செருகலாம். தண்டர்போல்ட் 3 வரிசையில் 6 சாதனம் வரை போகலாம், நடுவில் ஒன்றை அணைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் போய்விடும். வரவில்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள்: போன் சார்ஜ் செய்யும் யுஎஸ்பி சி கேபிளும் இதுவும் ஒரே முனை, மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள். குறி இருந்தும் மெதுவாக இருந்தால் நீளம்: 2 மீட்டர் சாதா கேபிள் 40 ஜிகாபிட்டுக்குப் பதில் 20 தான் தரும். அப்புறம் அனுமதி. புதிய சாதனத்தை ஏற்கலாமா என்று கேட்கும் சன்னலை யாரோ மூடிவிட்டிருப்பார்கள், தண்டர்போல்ட் மென்பொருளில் போய் எப்போதும் அனுமதி என்று கொடுங்கள்.

கேமரா எண் எல்லாம் மாறிவிட்டது

புதிதாக ஒரு பெட்டியைச் சேர்த்தீர்கள், எல்லாம் வந்தது, ஆனால் மென்பொருளில் மாப்பிள்ளை பக்கக் கேமரா இருந்த இடத்தில் பந்தி தெரிகிறது. கோளாறு ஒன்றும் இல்லை. நடுவில் புது ஆள் நின்றதால் பஸ் எண்கள் தள்ளிப் போயின, கார்டுகளை எண்ணால் அடையாளம் வைத்திருந்த மென்பொருள் குழம்பியது. கார்டின் சீரியல் எண்ணால் பெயர் வைக்க மென்பொருளில் வழி இருந்தால் அப்படி வையுங்கள். இல்லாவிட்டால் புதுப் பெட்டியை எப்போதும் வரிசையின் கடைசியில் சேருங்கள், முன்னால் உள்ளவற்றின் எண் பெரும்பாலும் அசையாது. கேபிள் ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஒரே நிற டேப் ஒட்டி, எந்த நிறம் எந்தப் போர்ட் என்று சேஸியின் மூடியில் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால், இரவு பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில் கழற்றி மறுநாள் காலையில் வேறொரு தோட்டத்தில் மாட்டும்போதும் அதே வரிசையில் மாட்டலாம்.